ஆடியவை 4,117

பட்டனை அழுத்திவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் இன்னும் திறந்துகொண்டிருக்கும். லீவுக்கு வந்த மகன் அதற்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தருவதாக உட்கார்ந்தான்.

“இதுல எடுத்து வைக்க ஏதாவது இருக்காப்பா?”

“என்ன இருக்கு? மத்தியானம் உங்கம்மா சீட்டாடுவா. அவ்வளவுதான்.”

அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. டிஸ்க் மொத்தத்தையும் அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டான். கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. லினக்ஸோடு வந்த சீட்டாட்டத்தைத் திறந்து பார்த்தான். மூலையில் இருந்தது: ஆடியவை 4,117. ஜெயித்தவை 0.

ஏதோ கோளாறு என்று மறுநாள் புது டிஸ்க்கே வாங்கி மாட்டினான். இன்டர்நெட் கேபிளைக்கூடப் பிடுங்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டான். ஆடியவை 4,118.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஒரு ஆட்டத்தையும் முடிக்க விட்டதில்லடா. தண்ணி கொண்டா, சட்டை எங்கன்னு பாதியில கூப்பிட்டுடுவேன். அவளும் எழுந்து வந்துடுவா.”



அடுத்த நாள் சாப்பிட்டதும் அப்பா கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தாகம் எடுத்தபோது தானே எழுந்து போய்க் குடித்தார். வந்த தும்மலைக்கூட அடக்கிக்கொண்டார். மௌஸை இரண்டு பேரும் தொடவில்லை.

நாலு மணிக்கு மகன் திறந்து பார்த்தான். ஆடியவை 4,119. ஜெயித்தவை 0.

அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் வாயே திறக்கலடா.”