நாற்பத்திரண்டு கம்பிகள்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யலாம்.

பழங்காலக் கார்களின் குட்டி மாதிரிகளைச் சேகரிப்போர் சங்கத்தில் எப்படியாவது உறுப்பினராகிவிட வேண்டும் என்பது ஒரு பல் டாக்டரின் ஆறு வருட ஆசை. பல் குடையும் கருவியாலேயே இரண்டு வருடம் செதுக்கிய உள்ளங்கையளவு காரை இந்த முறை தலைவரின் மேஜைமேல் வைத்தார்.

தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“இதுக்குப் பேரு காரா? சக்கரத்துல நாப்பது கம்பிதான் இருக்கணும். நாப்பத்திரண்டு வெச்சிருக்கீங்க!”

“எண்ணித்தான் சார் வெச்சேன்.”

“எதை எண்ணினீங்க, சொத்தைப் பல்லையா? அசல் வண்டியை ஜென்மத்துல பாத்திருக்கீங்களா? உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்.”

“அது எங்க தாத்தாவோடது சார். கீழதான் நிறுத்தியிருக்கேன்.”

தலைவர் பூதக்கண்ணாடியோடு படியிறங்கினார். தெருவில் நின்ற காரின் முன் மண்டியிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நாற்பத்திரண்டு.

“அப்ப இதுவும் தப்பு” என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார் தலைவர். “நம்ம கேட்டலாக்ல நாப்பதுன்னுதான் போட்டிருக்கு. பெருசா செஞ்சுட்டா அசல் ஆயிடுமா? கண்டவங்களையும் சேத்துக்கிட்டா சங்கத்தோட மானம் என்னாகறது?”

“அடுத்த வருஷம் வரலாமா சார்?”

“கம்பியை வெட்டிட்டு வாங்க.”

“சின்னதுலயா சார், பெருசுலயா?”

“ரெண்டுலயும்.”

டாக்டர் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

அந்தச் சங்கத்துக்கு, தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, தலைவரைத் தவிர வேறு உறுப்பினரே கிடையாது.