கொய்யா ஈயும் இலந்தை ஈயும்

ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்து நின்ற கொய்யாவிலும் இலந்தையிலும் பிறந்த பழ ஈக்களைச் செல்வினும் அவன் மனைவி மெர்லினும் ஆராய்ந்துவந்தார்கள். ஒரு காலத்தில் ஒரே இனமாக இருந்தவை, இப்போது தாம் பிறந்த பழத்தின் வாசனையில் மட்டுமே ஜோடி சேர்ந்தன. வாசனை கலந்துவிடக் கூடாதென்று கொய்யாப் பெட்டியை அவன் மட்டும் தொட்டான். இலந்தைப் பெட்டியை அவள் மட்டும். வீட்டிலும் சோப்பு தனியானது, துண்டு தனியானது, கடைசியில் படுக்கையும்.

இரண்டு வகையையும் கலந்து பிறக்கவைத்த ஈக்களை, இரு பழங்களும் வைத்த வலைக்கூண்டில் இன்று வீட்டிலேயே விட்டார்கள். அவை கொய்யாவை நெருங்கி விலகின. இலந்தையையும் நெருங்கி விலகின. பிறகு வலையில் முட்டிக்கொண்டே இருந்தன.

"பசிக்கலையா இதுகளுக்கு?" என்றாள் மெர்லின்.

"பசிக்கும். எங்க போறதுன்னுதான் தெரியல."

அப்போது அவர்களுடைய மூன்று வயது மகள் பெனிட்டா தூங்கி எழுந்து வந்தாள். "வாடா தங்கம்" என்று இருவரும் கை நீட்டினார்கள். அவள் அப்பாவின் கையை முகர்ந்தாள். அம்மாவின் கையையும் முகர்ந்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய், கொசுவலையில் நெற்றியை மெல்ல முட்டத் தொடங்கினாள்.

மெர்லின் ஓடிப்போய், திறந்திருந்த வாசல் கதவைத் தாழிட்டாள்.