திங்கட்கிழமை வா, எல்டன்

எல்டன் துப்பாக்கிக் கடைக்குள் நுழைவதை எதிர்ச்சாரியில் நின்றிருந்த வெர்னா பார்த்துவிட்டாள். கையிலிருந்த துண்டறிக்கைகளைப் பைக்குள் திணித்தாள்.

எல்டனின் மனைவி ஜாய்ஸை அடக்கம் செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அடக்கத்துக்கு மறுநாளே அவன் வீட்டிலிருந்த வேட்டைத் துப்பாக்கிகளையெல்லாம் அவன் மகள் வண்டியில் போட்டுக்கொண்டு, தான் இருக்கும் பில்லிங்ஸ் நகருக்குப் போய்விட்டாள். அப்படிச் செய்யச் சொன்னதே வெர்னாதான்.

இப்போது புதிதாக ஒன்று வாங்க வந்திருக்கிறான்.

வெர்னா சாலையைக் கடந்தாள். பதினோரு வருஷமாக இந்தக் கடைக்கு வெளியே நின்றிருக்கிறாளே தவிர, உள்ளே கால் வைத்ததில்லை. அவள் தம்பி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இங்கேதான் துப்பாக்கி வாங்கினான். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் உயிரோடு இல்லை.

விற்ற துப்பாக்கியைப் பத்து நாள் கழித்துத்தான் கையில் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு சட்டம் வேண்டுமென்று அன்றிலிருந்து கத்துகிறாள். போன மார்ச்சில் அது சட்டசபைவரை போனது. இந்தக் கடைக்கார மெர்ல் தலைநகருக்கே போய் எதிர்த்துப் பேசினான். சட்டம் தோற்றது.

"வாங்க தலைவி," என்றான் மெர்ல். "வெளியில நின்னு கால் மரத்துப்போச்சா?"

வெர்னா நேராக எல்டனிடம் போனாள். கண்ணாடி மேஜைமேல் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. எல்டன் அரசாங்கப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். முகம் சவரம் செய்து, எதையோ முடிவெடுத்துவிட்டவன் முகம்போலப் பளிச்சென்று இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எதுக்கு இது எல்டன்?" என்று கேட்டாள்.

"கோழிக் கொட்டகையில பாம்பு வருது."

ஜன்னலுக்கு வெளியே நவம்பர் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில் எந்தப் பாம்பு வெளியே வரும்?

"தோட்டா ஒரு பெட்டி எடுக்கட்டுமா?" என்றான் மெர்ல்.

"பெட்டி எதுக்கு? ரெண்டு மூணு உதிரியா கிடைக்காதா?"

வெர்னா சட்டென்று திரும்பி மெர்லைப் பார்த்தாள். ஜாய்ஸின் சவப்பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். அவனுக்கா இது புரியாது? ஆனால் அவன் படிவத்தை வாங்கி, சாவகாசமாகக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தான். வாங்குபவனுக்குக் குற்றப் பதிவு இருக்கிறதா என்று அரசாங்கம் சரிபார்த்துப் பதில் அனுப்ப இரண்டு நிமிஷம். அவ்வளவுதான் அவகாசம்.

"எல்டன், ராத்திரி நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாயேன். மான்கறி வச்சிருக்கேன்."

"இன்னிக்கு வேணாம் வெர்னா. இன்னொரு நாள் பாக்கலாம்."

"இன்னிக்கே வாயேன்."

"விடு வெர்னா," என்றான் அவன், மெதுவாக.

ஐந்து நிமிஷம் போனது. பத்தும் போனது. மெர்ல் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"தாமதம்னு காட்டுது எல்டன். திங்கட்கிழமை வா."

"எம் பேர்ல என்ன தாமதம்? போலீஸ்காரன்கிட்ட ஒரு அபராதச் சீட்டுகூட வாங்கினதில்ல."

"உன் பேர்ல எவனாவது திருடன் இருப்பான். அரசாங்கத்துக்காரன் வேலை, தெரியாதா? திங்கட்கிழமை வா."

எல்டன் கொஞ்ச நேரம் அந்தத் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

வெர்னாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

"ஒரு மிஷினுக்கு இருக்கிற இரக்கம் உனக்கு இல்லையே மெர்ல். அது மட்டும் சரின்னு சொல்லியிருந்தா, எடுத்துக் கொடுத்திருப்ப. என் தம்பிக்குக் கொடுத்த மாதிரி."

மெர்ல் துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டினான். தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினான்.

"நான் மெர்ல் பேசறேன். எல்டன் உன் கடைக்கு வருவான். தாமதம்னு சொல்லி அனுப்பிடு... இல்லப்பா, கம்ப்யூட்டர் ரெண்டாவது நிமிஷமே சரின்னு சொல்லிடுச்சு. நான்தான் இல்லன்னுட்டேன்... ஆமா, ஜாய்ஸ் போயிட்டா... நல்லது. மறந்துடாத."

வெர்னா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். 

"அப்புறம் எதுக்கு மார்ச்சில போய் எதிர்த்துப் பேசின?"

"மனுஷனா நடந்துக்க எனக்கு எவனும் சட்டம் போட வேணாம்னு பேசினேன்," என்றான் மெர்ல். அவளைப் பார்க்காமல் அடுத்த எண்ணை அழுத்தினான். நெடுஞ்சாலையில், நாற்பது மைல் தள்ளி இருக்கும் பெரிய துப்பாக்கிக் கடையின் எண் அது.

அதே விஷயத்தைச் சொன்னான். மறுமுனைக் குரல் வெர்னாவுக்கும் கேட்டது.

"சரின்னு பதில் வந்தா கொடுக்கத்தான் செய்வேன் சார். கொடுக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லையே."

இணைப்பு அறுந்தது.  வெளியே எல்டனின் பழைய வண்டி இருமி இருமிக் கிளம்பி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது.

மெர்ல் கோட்டை இழுத்து மாட்டினான். கடைச் சாவியை எடுத்தான்.

"வண்டியில ஏறு வெர்னா, வழியிலயே மடக்கிடலாம். உன் தம்பிக்கு அப்புறம் நான் இப்படித் திருப்பி அனுப்பினதுல இவன் ஏழாவது ஆளு. இனிமேலும் நான் ஒருத்தனே பொய் சொல்லிக் காப்பாத்திட்டிருக்க முடியாது."