டெக்கு மாற்றும் செலவு

"பலகை, கூலி எல்லாம் சேத்து மூணு லட்சம் ஆவும். கொச்சியில எல்லாத்துக்கும் தீ விலை" என்று படகின் மேல்தளமான டெக்கை மாற்றப் போயிருந்த சிலுவை போனில் சொன்னார்.

முட்டத்தில் இருந்த மனைவி செசிலி பதறினாள். "அப்ப நம்ம மக பெபிஷா கல்யாணம்?"

"தள்ளி வைப்போம்."

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க காத்திருப்பாவளா? நம்மகிட்ட உள்ளதே கல்யாணத்துக்கு எடுத்து வச்ச அந்தப் பைசாதான்!"

"கணக்குப் போட்டுப் பாத்தாச்சு ஏட்டி. டெக்கு முழுசும் இத்துப்போச்சு."

செசிலிக்கு ஆத்திரம் பொங்கியது. "பைத்தியமா உங்களுக்கு? படகை வித்து அட்வான்ஸும் வாங்கியாச்சு. டெக்கப் பத்தி வாங்குனவனே கேக்கல்ல!"

மறுமுனையில் சுத்தியல் சத்தத்தைத் தாண்டிச் சிலுவை சொன்னார்.

"வாங்குனவன் மகனக் கூட்டிட்டு வந்திருக்கான், செசிலி. எந்தப் பலகை உடஞ்சு நம்ம மகன் சுஜின் கடல்ல விழுந்து செத்தானோ, அது பக்கத்துல நின்னு அந்தப் பய சிரிச்சிட்டே செல்பி எடுக்கான்."