ஒரு அட்டை ஊக்கு

கிறிஸ்துமஸ் சீசன். அமல்ராஜ் பையில இன்னும் எழுபது பார்சல் இருந்துச்சு. தாபோடி ஏரியாவுல ஒரு வீட்டுக்கு மூணு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கிட்டே பெல் அடிச்சான். ஆரோக்கியமேரி கதவைத் திறந்தா.

“ஏம்மா, முந்தாநேத்து ஹேர்பின், நேத்து சீப்பு, இன்னைக்கு ஒரு அட்டை ஊக்கு. எல்லாத்தையும் ஒண்ணா ஆர்டர் போட்டா என்ன?”

“ஒவ்வொண்ணாத்தான் ஞாபகம் வருது.”

“சரி, ஓடிபி சொல்லும்மா.”

“சொல்றேன். மொதல்ல உக்காந்து சாப்பிடுங்க.”

“லேட்டானா ஆபீஸ்ல திட்டுவாங்க.”

“ஓடிபி என்கிட்டதான இருக்கு.”

வேற வழியில்லாம உக்காந்தான். காலையில இருந்து பட்டினி. மீன்குழம்பும் சோறும் மடமடன்னு உள்ள போச்சு. பாதியில சூப்பர்வைசர் போன். “வண்டி பத்து நிமிஷமா ஒரே எடத்துல நிக்குதே?”

“டெலிவரிதான் சார். கஸ்டமர் இன்னும் ஓடிபி தரல.”

“சரி சரி, வாங்கிட்டு கெளம்பு.”

ஆரோக்கியமேரி சிரிச்சா. “போன வாரம் சும்மா சாப்பிட வந்தப்ப, ‘டூட்டி நேரத்துல உன் வீட்டு வாசல்ல என்ன வேலை’ன்னு கத்துனாரே. இன்னைக்கு கத்தச் சொல்லுங்க பாப்போம்.”

அமல்ராஜ் கை கழுவிட்டு வந்ததும் ஓடிபியைச் சொன்னா.

“நாளைக்கு சோப்பு டப்பா வருதுங்க. சாம்பார் வைக்கட்டுமா, ரசமா?”