சந்தேகம் வராத சைக்கிள்

மலை ஏறுவதற்கென்று சைக்கிள் செய்விக்கப் போன மனுஷன் கியர் வேண்டாம் என்று சொன்னதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கமலாசனி கண்ணாலேயே கண்டாள். அப்படிச் சொன்னவர் அவளுடைய புருஷன் விவேகானந்தன்.

யாழ்ப்பாணத்து ஆள். கண்டி டவுனில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை, வீடு ஹந்தானை ஏற்றத்தில். பஸ்களில் குண்டு வெடிக்கிற காலம் என்பதால் பஸ்ஸில் ஏறப் பயம். நடந்தால் மூச்சு வாங்கும். ஆகவே, தையல் மெஷினுக்கென்று கமலாசனி கட்டிய சீட்டுக்காசில் ஒரு மவுண்டன் சைக்கிள் என்று முடிவாயிற்று. புதிதாய் முழுசாய் வாங்கக் கட்டாது. சாமானைத் தனித்தனியாய் எடுத்துப் பூட்டுவிக்கலாம்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஏற்றத்தடியில் ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றியில் மறிபடாமல் வீடு வந்து சேர வேண்டும்.

கடைக்காரர் சாஹுல் ஹமீது நானா நல்ல தடித்த ஃபிரேம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். விவேகானந்தன் குழாயைத் தட்டிப் பார்த்தார். இவ்வளவு பெரிய ஓட்டைக்குள் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள், மெல்லிசாய் ஒன்று எடுங்கள் என்றார்.

முன்னுக்கு ஸ்பிரிங்? அமுக்கிப் பார்ப்பார்கள், வேண்டாம். கெரியர்? அதில் எதைக் கட்டினாய் என்பார்கள், வேண்டாம். பற்றரி லைட் என்றதும், பற்றரி என்ற சொல்லையே மெதுவாய்ச் சொல்லச் சொன்னார்.

"கியர் இல்லாம இந்த ஏத்தத்துல எப்பிடி சேர் மிதிக்கப் போறீங்க?"

"கியருக்கு வயர் ஓடும், நானா. தமிழன்ர சைக்கிளில வயர் ஏன் ஓடுதெண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"பிரேக்குக்கும் வயர்தானே சேர் ஓடுது."

அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். வயரே இல்லாத, பழைய காலத்து இரும்புக் கம்பிப் பிரேக்.

சில்லைச் சுற்றிப் பார்த்தபோது டிக் டிக் என்று கேட்டது. டைம் பாம் என்றல்லவா நினைப்பார்கள்! கிறீஸை அப்பிச் சத்தத்தை அடக்கும்வரை கடையை விட்டு நகரவில்லை. ஆமிக்காரருக்கு மணி அடித்துக் காட்டுவதா என்று மணியையும் விட்டார். மிஞ்சிய காசுக்கு முள்ளு முள்ளாய் மலைச் சைக்கிள் டயர் இரண்டு. டயரில் யாரும் குற்றம் காண மாட்டார்களாம்.

இதெல்லாம் பயமில்லை, சிக்கனம் என்று பெண்சாதிக்கு விளக்கம் வேறு சொன்னார்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கமலாசனி சைக்கிளைச் சுற்றி வந்தாள். "இஞ்சாருங்கோ, இதுக்கு ஒரு கழுதையை வாங்கியிருக்கலாம். அதுக்கும் வயர் இல்லை."

"அது கத்தும்" என்றார் அவர், சிரிக்காமலே.

முதல் நாளே பொழுதுபட்டும் ஆளைக் காணவில்லை. அவள் மகளையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். சென்றியில் மணல் மூட்டைகளோடு சைக்கிள் தலைகீழாய் நின்றது. பக்கத்தில் அவர் குந்தியிருந்தார்.

வேறொன்றுமில்லை. மங்கல் நேரத்தில், லைட் இல்லாமல், மணி இல்லாமல், டிக் என்ற சத்தம்கூட இல்லாமல், உருட்டிக்கொண்டு வந்து ஆமிக்காரப் பொடியன் ஒருவனின் முழங்கையடியில் நின்றிருக்கிறார். பொடியன் பதறிப்போய்த் துவக்கை நீட்டிவிட்டான். பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தால் மலைச் சைக்கிள் டயர் இருக்கிறது, வேறு ஒரு சாமானும் இல்லை. கழற்றியதையெல்லாம் எங்கே வைத்தாய் என்று கேட்கிறார்கள்.

உங்களுக்குப் பயந்துதான் போடவில்லை என்று அவர்களிடமே சொல்ல முடியுமா? தெரிந்த பாதிச் சிங்களத்தில் சிக்கனம் என்பதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னார். ஜீப் வந்ததும் பொலிசுக்கு அனுப்பப் போகிறார்களாம். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்பினார்கள், திரும்பினார்களா என்பது ஊருக்கே தெரிந்த கதை.

கமலாசனி நின்று அழவில்லை. த்ரீவீல் ஒன்றை மறித்துக் கடைக்குப் போனாள். சாஹுல் ஹமீது கதவை அரைவாசி சாத்தியபடியே விட்டுவிட்டுத் தன் சைக்கிளில் ஏறினார். கியர், இரண்டு பக்கமும் வயர், முன்னால் பற்றரி லைட், பின்னால் ஸ்பானர், சுத்தியல் போட்ட பெரிய தகரப் பெட்டி. டிக் டிக் என்று ஊருக்கெல்லாம் கேட்க வந்து சென்றியில் நின்றது அது.

அவர் தன் அடையாள அட்டையை நீட்டினார். பூட்டியது நான்தான் என்றார் சிங்களத்தில். "காசில்லாத மனுஷன், மாத்தயா. சம்பளம் எடுத்தாக் கியர் போடுவாரு. ஏதாவது பிழை வந்தா என்னையப் பிடிங்க."

காசில்லை என்ற கதை ஆமிக்காரருக்கும் நன்றாய் விளங்கியது. ஒருவன் சிரித்துக்கொண்டே சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தான்.

விவேகானந்தன் தன் சைக்கிளைத் தொடவே மறுத்தார். அதனால் சாஹுல் ஹமீதுதான் ஒரு கைக்கு ஒன்றாய் இரண்டு சைக்கிளையும் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு முன்னே போனார். பின்னால் வந்த விவேகானந்தன், இத்தனை பேருக்கு முன்னால் தன்னைக் காசில்லாதவன் ஆக்கிவிட்டானே என்று வழி முழுக்க பெண்சாதியின் காதைக் கடித்தார்.

வீட்டில் சாஹுல் ஹமீதைக் கதிரையில் இருத்திவிட்டு, கமலாசனி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். ஜன்னல் சீலையை விலக்கி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற புருஷன் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கமலா, அந்தாளின்ர சைக்கிளைப் பாத்தனீரோ? வயரும் பெட்டியுமாக் கிடக்கு. ஆரும் கண்டா என்ன நினைப்பினம்? தேத்தண்ணி குடுக்க முதல், எங்கட கேற்றடியில நிக்கிறதைக் கொஞ்சம் தள்ளி விடச் சொல்லும்."