புகைப்படம் சரியில்லை

"மறுபடியும் தூக்கிட்டான்" என்றாள் வெர்னா, கணினித் திரையை முறைத்தபடி.

கட்டிலில் கிடந்த ராய்ஸ் தலையை மட்டும் திருப்பினான். "எதை?"

"இளஞ்சிவப்புக் கண்ணாடிக் கிண்ணத்தை. நேத்துதான் ஏலத்துக்கு வெச்சேன். அதே காரணம். புகைப்படம் சரியில்லையாம்."

கூரை வேலையில் தவறி விழுந்து ராய்ஸ் படுத்த படுக்கையான பிறகு, ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது இணைய ஏலத்தால்தான். வெர்னா ஊர் ஊராக அலைந்து பழைய கண்ணாடிப் பாத்திரம் வாங்கி வந்து, துடைத்து, படமெடுத்து, கலிபோர்னியாவில் இருக்கும் பெரிய ஏல நிறுவனத்தின் தளத்தில் விற்பாள். வாங்கியவர்களின் பாராட்டு அவள் கணக்கில் குவிந்து கிடந்தது. அந்தக் கணக்குதான் அவளுக்குக் கடை. ராய்ஸின் மருந்தும் அதிலிருந்துதான் வந்தது.

அந்த வருஷம் பெரிய நிறுவனங்களுக்குள் சண்டை. ஏல நிறுவனத்துக்குச் சொந்தமாகப் பணம் அனுப்பும் சேவை ஒன்று உண்டு. ஒவ்வொரு விற்பனையிலும் அது ஒரு கிள்ளு கிள்ளிக்கொள்ளும். தேடுதளம் நடத்தும் இன்னொரு நிறுவனம், கமிஷனே வேண்டாம் என்று போட்டிக்குக் கடை விரித்தது. சும்மா கிடைப்பதை யார் விடுவார்கள்? வெர்னாவும் அதில் சேர்ந்து, வாங்குபவர்களுக்குத் தெரியட்டும் என்று பொருள் விவரத்தில் அந்த வழியிலும் பணம் அனுப்பலாம் என்று ஒரு வரி எழுதி வைத்தாள்.

அப்புறம் தொடங்கியது இந்தப் புகைப்படத் தொல்லை.

ஜன்னலோரம் வைத்து எடுத்தாள். வெள்ளைப் போர்வை விரித்து எடுத்தாள். கடன் வாங்கிப் புதுக் கேமராகூட வாங்கினாள். எதைப் போட்டாலும் தூக்கிவிட்டு, ஏல நிறுவனத்திலிருந்து டெஸ்மண்ட் என்று கையெழுத்திட்ட மின்னஞ்சல் வரும். 'புகைப்படம் சரியில்லை. பொருள் விவரத்தின் கடைசிப் பகுதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.'

அதையும் பார்த்தாள். கடைசியில், அவள் எப்போதும் எழுதும் வாழ்த்து இருந்தது. 'கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக.'

"அதானே பார்த்தேன்" என்றாள் வெர்னா. "படம் ஒரு சாக்கு. கலிபோர்னியாக்காரனுக்குக் கடவுள் பேரைப் பார்த்தாலே எரியுது."

"அந்த வாழ்த்தை எடுத்துட்டுத்தான் பாரேன். கிண்ணம் விக்கட்டும்."

"பட்டினி கிடந்தாலும் எடுக்க மாட்டேன், ராய்ஸ்."

ஒரு நாள் அந்த டெஸ்மண்டே தொலைபேசியில் வந்தான். தாழ்ந்த குரல். "மேடம், நான் இப்படி உங்களைக் கூப்பிடக் கூடாது. அந்தக் கடைசிப் பகுதி..."

"உங்க அம்மா உன்னை ஒரு நாளாவது சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். மறுபடி மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

ஏல நிறுவனம் தன் விற்பனையாளர்களைக் கூட்டி வருஷா வருஷம் நடத்தும் மாநாடு அந்த முறை சிகாகோவில். ராய்ஸைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு வெர்னா பஸ் ஏறினாள். வாசலிலேயே போட்டி நிறுவனத்தின் ஆட்கள் இலவசச் சட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ராய்ஸுக்கு ஒன்று வாங்கிக்கொண்டாள்.

உள்ளே, மேடையில் இருந்த தலைவரிடம் கேள்வி கேட்கும் நேரம் வந்தது. வெர்னா ஒலிவாங்கியைப் பிடித்தாள். படுக்கையில் இருக்கும் கணவனைச் சொன்னாள், கேமராவைச் சொன்னாள், கடவுள் வாழ்த்தைச் சொன்னாள், டெஸ்மண்டின் பெயரையும் சொன்னாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே விசாரிப்பதாக வாக்குக் கொடுத்தார்.

வாக்கு தவறவில்லை. டெஸ்மண்டை வேலையை விட்டு நீக்கிவிட்டதாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் வந்தது. அன்று வெர்னா ஆப்பிள் பை சுட்டாள். ராய்ஸ் இரண்டு துண்டு சாப்பிட்டான். இளஞ்சிவப்புக் கிண்ணம், அதே விவரத்தோடு, மறுபடி ஏலத்துக்குப் போனது.

மறுநாள் காலையில் அவள் கணக்கு திறக்கவில்லை.

நிறுவனத்தைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள். "உங்க கணக்கை நிரந்தரமா மூடியாச்சு, மேடம். போட்டி கம்பெனி வழியாப் பணம் அனுப்பலாம்னு எல்லாத்துலயும் எழுதியிருக்கீங்க. அது கூடாதுன்னு விதி வந்தப்போ நீங்க சம்மதம்னு அழுத்தியிருக்கீங்க. மூணு தடவை மீறினா மூடிடுவோம்."

வாழ்த்துக்கு மேல் வரியில் இருந்தது அது. வெர்னா கேட்டாள். "இதை ஒரு மின்னஞ்சல்லகூடச் சொல்லலையே?"

"வெளியே அனுப்புற எழுத்துல அந்தக் கம்பெனி பேச்சையே கொண்டுவரக் கூடாதுன்னு எங்க வக்கீல்கள் உத்தரவு. அவங்க அதைக் கோர்ட்டுல காட்டிடுவாங்கன்னு பயம்."

"அப்ப கடவுள் வாழ்த்து?"

"அதை இங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்லை, மேடம். எங்க அம்மாகூட அப்படித்தான் எழுதுவாங்க."

"பின்ன எதுக்கு டெஸ்மண்டை வேலையை விட்டு எடுத்தீங்க?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க புகாரை விசாரிச்சப்பதான் தெரிஞ்சுது. எங்க பதிவுல நிஜக் காரணத்தைப் போட்டா உங்க கணக்கு போயிடும். புகைப்படம் சரியில்லைன்னு போட்டா அது குத்தமா ஏறாது. உங்களுக்கும், உங்களை மாதிரி நிறையப் பேருக்கும், அத்தனை தடவையும் அவர் புகைப்படம்னே போட்டிருக்கார். நாங்க நேத்துதான் எல்லாத்தையும் சரியாத் திருத்தினோம், மேடம்."